‘வாரேன்’ என்று சொன்னவர்கள்

கண்டக்டர் அண்ணாச்சிதான் முதலில் மாட்டிக்கொண்டார். மத்தியான ஷிப்டு முடிந்து, தோளில் கிடந்த டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், வாங்கி வைத்த பஜ்ஜி ஆறி எண்ணெய் கோத்த பிறகும் அந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இத்தனைக்கும் ஆள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

“என்னவே இது? சவம், சுத்திச் சுத்தி அங்கனயே கொண்டுபோயி நிப்பாட்டுது. வெளிய வாரதுக்கு வழி வச்சிருக்கீரா இல்லியா?”

“இருக்கு அண்ணாச்சி. பையப் பைய பாருங்க.”

“நானும் பையத்தான் பாக்கேன். பஸ்ஸுன்னா ஏற ஒரு படி, எறங்க ஒரு படி இருக்கும். நீரு என்ன, ஏறுத படிய மட்டும் வச்சு வீடு கட்டியிருக்கீரு?”

அது தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மோடம். இன்டர்நெட்டைப் பிடிக்கும்போது அந்த மோடம் போடுகிற சத்தம் கீழே பாத்திரக்கடை வரைக்கும் கேட்கும். கடைக்காரர் ஒருநாள் பாதிப் படியேறி வந்து, “மேல யாரத்தான் கழுத்த நெரிக்கிய?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனார்.

நான் எங்கேயும் போய்க் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. அப்படி எட்டிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன், பக்கத்து வீட்டு அடுப்படியைப் பார்த்துக் குழம்பு வைக்கப் பழகுகிற மாதிரி. ஒரு வார்த்தையை அழுத்தினால் இன்னொரு பக்கம் திறக்கும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்துப்போன சங்கதி. வெளிநாட்டுக்காரர்கள் அதை வைத்தே கதை விளையாட்டு செய்து போட்டிருந்தார்கள். படித்துக்கொண்டே போகலாம், கீழே இரண்டு மூன்று வழி கொடுத்திருக்கும், நீங்கள் எந்த வழியைத் தொடுகிறீர்களோ அந்தப் பக்கம் கதை திரும்பும். எல்லாம் குகை, வாள், புதையல். நம்மூர் ஆளைக் கொண்டுபோய்க் குகையில் விட்டால் என்ன செய்வான்? தமிழில் நாமே ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

கதை இதுதான். கடைசி பஸ் உங்களை ஆற்றங்கரையில் ஓர் ஊரில் இறக்கிவிட்டுப் போகிறது. சாரல் அடிக்கிறது. ஊரெல்லாம் இருட்டு, ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். வாசலில் ஒரு பெண் நின்று ‘வாங்க’ என்கிறாள். உள்ளே முன்கூடமாக ஒரு பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுப்படி. பின்கட்டில் ஆற்றைப் பார்த்தபடி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். முதுகுதான் தெரியும். திரும்ப மாட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் நீங்கள் ஜெயித்தீர்கள்.

அப்போதெல்லாம் தமிழ் எழுத்து தெரிய வேண்டுமென்றால் அதற்கான ஃபான்ட் அந்தந்தக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு விளையாட்டை அனுப்பிவைத்தேன். அவன் ஃபான்ட் போடாமல் திறந்துவிட்டான். ‘அண்ணே, ஏதோ மாந்திரீகத் தகடு மாதிரி வருது, மூடிட்டேன்’ என்று பதில் வந்தது. அதனால் சென்டருக்கு வந்து போகிறவர்களையே பிடித்து விளையாட வைத்து, என்ன தோன்றுகிறது என்று கேட்பது என்று முடிவு செய்தேன்.

விளையாடிய ஆளிடம் எங்கே தடுமாறினீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். எங்கள் ஊர் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் ‘நல்லாருக்கு’ என்பார்கள். ‘நல்லாருக்கு’ என்றால் ஆளை விடு என்று அர்த்தம். உண்மையான அபிப்பிராயம் வேண்டுமென்றால் அவர்கள் எழுந்து, செருப்பை மாட்டி, படி இறங்கத் தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்து ஒன்று சொல்வார்கள் பாருங்கள், அதுதான் அசல். நான் கூடவே இறங்கிப் போவேன்.

மேலப்பாளையத்தில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வாரம் தவறாமல் வருவார். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அவரையும் உட்கார வைத்தேன். அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் விளையாடிவிட்டு ‘நல்லாருக்கு தம்பி’ என்று எழுந்தார். படியில்தான் சொன்னார்.

“அந்தப் பொம்பள வாங்கன்னு கூப்புடுதா. ஆனா உக்காருங்கன்னு கடைசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? அதான் எனக்குச் சரியாப் படல.”

நான் அதை யோசித்து எழுதவே இல்லை. உட்காரச் சொல்ல மறந்துபோனவன் நான். ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கே அந்தப் பெண்ணைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

“வெளிய வர முடிஞ்சுதா மாமா?” என்றேன்.

“எங்க? வாசல் வரைக்கும் வாரேன், திருப்பி உள்ளல்லா இழுத்துட்டுப் போறா. சரி, கரண்டு போயிரும், மவன் மெயில அனுப்பிட்டியா?”

கண்டக்டரும் வெளியே வரவில்லை, பாயும் வரவில்லை. வேறு இரண்டு மூன்று பேரும் அதையே சொன்னார்கள். ஏதோ பக்கத்தைத் தப்பாக இணைத்துவிட்டேன் போல என்று ஒவ்வொன்றாக நோட்பேடில் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாசல் பக்கத்தைப் பிரவுசரில் திறந்ததும்தான் கண்ணில் பட்டது.

பிரவுசரில் இன்னும் தொடாத லிங்க் நீலமாக இருக்கும். ஒருதரம் தொட்டுவிட்டால் ஊதாவாக மாறிவிடும். வாசலில் நீங்கள் நிற்கும்போது அந்தப் பெண் உள்ளேயிருந்து ‘பின்கட்டுக்கு வரலியா?’ என்று கேட்பாள். அதற்குக் கீழே இரண்டு லிங்க் வைத்திருந்தேன். ஒன்று ‘வாரேன்’. இன்னொன்று ‘போறேன்’. வாரேன் என்றால் பின்கட்டு. போறேன் என்றால் தெரு, பஸ், வெற்றி. நான் வரைந்த வரைபடத்தில் உள்ளே போகிற அம்புக்குறிக்கு ‘வா’, வெளியே போகிற அம்புக்குறிக்கு ‘போ’. எனக்கு அது சுத்தமான கணக்காகத் தெரிந்தது. ஆனால் திரையில் ‘வாரேன்’ ஊதாவாகக் கன்றிப்போயிருந்தது. ‘போறேன்’ நேற்று எழுதின மாதிரி பளிச்சென்று நீலமாக இருந்தது. இத்தனை பேரில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை.

மறுநாள் கண்டக்டர் அண்ணாச்சியிடம் கேட்டேன். “போறேன்னு ஒண்ணு இருக்குல்லா, அத ஏன் அமுக்கல?”

அவர் என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். “ஏன்வே, உம்ம வீட்ல சொல்லிக் குடுத்து வளக்கலியா? வெளக்கு வச்ச நேரம், ஒரு பொம்பள வாசல்ல நிக்கா, அவ மூஞ்சியப் பாத்துப் போறேம்னு சொல்லுததா?”

“வெறும் கதைதான அண்ணாச்சி.”

“கதைன்னா, சொல்லுத நாக்கு வேற நாக்கா?”

பாய் அதையே வேறு விதமாகச் சொன்னார். “மொறையா வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்பலாம்னு பாத்தேன். அவ நெசமாவே ‘சரி, வா’ன்னுட்டா.”

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன் என்றுதான் சொல்கிறோம். கடன்காரனிடமும் வாரேன், டாக்டரிடமும் வாரேன். எங்கேயும் யாரும் அந்தச் சொல்லைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு ‘சொன்னியே, வா’ என்று கேட்டதில்லை. கேட்கிற வீடு ஒன்று இருந்தால்? அவ்வளவு பயங்கரமான ஒன்றை யோசித்து எழுதும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. என் தப்பு அதைச் செய்திருந்தது. கொஞ்சநாள் அப்படியே இருக்கட்டும் என்று திருத்தாமல் விட்டேன்.

சென்டரில் என்னோடு ஓர் அக்கா வேலை பார்த்தாள். சொந்த அக்கா இல்லை, கூப்பிடும் முறைக்கு அக்கா. காலேஜ் ஆட்கள் கொண்டுவரும் ஆராய்ச்சித் தாள்களை எல்லாம் அவள்தான் அடிப்பாள். கண் தாளில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கெல்லாம் இது பிடிக்காது என்று நானாக நினைத்துக்கொண்டு விளையாடச் சொல்லவே இல்லை. ஆடி பிறந்து, காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தபோது அவள் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டி திறக்காமல் பக்கத்தில் இருந்தது. திரையில் பின்கட்டு.

அங்கே நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘அவர் தோளில் ஈரத்துண்டு. இடது காதுக்குப் பின்னால், சின்ன வயதில் சூடு போட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவுக்கு.’

“தம்பி,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இவியள நீ எங்க பாத்த?”

“யாரக்கா?”

“இவியளத்தான்.” விரலால் திரையைத் தொட்டாள். அந்த வரியைத் தொட்டாள். “எங்க வீட்டுக்காரவியளுக்கு அங்கனதான் இருக்கும். சின்னதுல சன்னி வந்து சூடு போட்டது.”

அவள் கணவர் ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போனவர் என்று தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். வாழைத்தார் வியாபாரம். ஒருநாள் காலையில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தோட்டம் பார்க்கப் போகிறேன் என்று சைக்கிளில் கிளம்பினார். சாயங்காலம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு வாகை மரத்தில் சாத்தியிருந்த சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர் போன சமயம். கரையில் வேட்டியோ செருப்போ எதுவும் இல்லை. பிறகு பம்பாயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பழனியில் மொட்டைத் தலையோடு பார்த்ததாக இன்னொருவர் சொன்னார்.

“சைக்கிளு பூட்டியிருந்துச்சு தம்பி. சாவி அதுல இல்ல. சாகப் போறவுக சைக்கிளப் பூட்டி சாவிய எடுத்துட்டாப் போவாவ?”

சூடு போடுவது எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு நடந்த வைத்தியம்தான். காதுக்குப் பின்னால் தழும்போடு எத்தனையோ பேர் இருப்பார்கள். அதைத்தான் அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே, அந்தத் தழும்பு என் கைக்கு எப்படி வந்தது என்று எனக்கு நினைவில்லை என்பதும் தெரிந்தது. எழுதும்போது அது இடது காதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கே பார்த்தேன், பார்த்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கு ஆடி அமாவாசைக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். “‘மதினி, வீட்ல ஒரு காரியத்த முடிக்காம வச்சுக்கிட்டு எப்படிப் பந்தக்கால் நடுதது’ன்னு கேக்கான். அவன் கேக்கதும் நாயந்தான. தர்ப்பையில ஆளு மாதிரி கட்டிக் காரியத்தச் செய்யலாம்னு ஐயரு சொல்லிட்டாராம். நான் சரின்னு ஒரு வார்த்த சொல்லணுமாம்.” கழுத்தில் கிடந்ததை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள். “செஞ்ச பொறவு அவிய வந்து வாசல்ல நின்னா நான் என்ன செய்ய?”

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவள் அந்த வீட்டுக்குள் போனாள். மற்றவர்கள் மாதிரிச் சுற்றிப் பார்ப்பதில்லை. பட்டாசல், அடுப்படி எதிலும் நிற்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே ‘கூப்பிடு’ என்று ஒரு லிங்க் உண்டு. தொட்டால் ‘அவர் திரும்பவில்லை’ என்று வரும். கீழே ‘மறுபடியும் கூப்பிடு’. அதைத் தொட்டால் அதே பக்கம் திரும்ப வரும். அவ்வளவுதான் நான் எழுதியது. அவளுக்கு அது தெரியாது. இன்னும் கொஞ்சம் கூப்பிட வேண்டும்போல என்று நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காற்று நிற்கிற நேரம் அறையில் அந்த மவுஸ் சத்தம் மட்டும் கேட்கும். டிக். டிக். பல்லி சொல்லுவதா, மவுஸா என்று தெரியாத மாதிரி. நான் கீழே இறங்கிப் போய்ப் பாத்திரக்கடையில் நின்றுகொள்வேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன். “யக்கா, அதுக்கு மேல ஒண்ணும் இல்லக்கா. எத்தன தரம் கூப்பிட்டாலும் அதேதான் வரும்.”

“ஏன்?”

“நான் எழுதல.”

“அப்ப எழுது.” பிள்ளையிடம் கடைக்குப் போய்வரச் சொல்வதுபோலச் சொன்னாள். “திரும்பித்தான் பாக்கட்டுமே. நீதான எழுதுத.”

விளையாடியவர்கள் சொன்னதில் நான் செய்ய முடியாமல் முழித்தது அது ஒன்றுதான்.

அந்த வாரத்திலேயே கண்டக்டர் அண்ணாச்சி படியேறும்போதே சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். “வே, புடிச்சிட்டேன்வே! கடைசி சீட்டுல உக்காந்து யோசிச்சேன். அது இழவு வீடு. அந்தப் பொம்பள உக்காரச் சொல்லல. ஒருத்தன் ஈரத்துண்டோட ஆத்தப் பாத்துக்கிட்டு இருக்கான். இழவு வீட்ல எவனாவது வாரேன், போறேம்னு சொல்லிக்கிடுவானா? பேசாம எந்திரிச்சு வந்துரணும். அந்த ரெண்டு வார்த்தையையும் தூக்கிரும். சொல்லாம வெளிய வார மாதிரி வையும். எல்லாவனும் வந்துருவான்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் விளையாட்டு என்னவென்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் ஜன்னலோரம் டைப் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“அது எழவு வீடு இல்ல அண்ணாச்சி,” என்றாள் அக்கா, திரும்பாமலேயே.

“இல்ல தாயி, கதையிலதான் சொல்லுதேன்.”

“கதையிலயும் இல்ல. குளிச்சிட்டு ஈரத்துண்டோட ஒருத்தவிய காத்தாட உக்காந்திருக்கக் கூடாதா? உங்க வீட்ல நீங்க உக்காரதில்ல?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் படிப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டார். “சவத்த, இந்த வாய வச்சுக்கிட்டு...”

எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பேச்சு முடியாது. பஸ் பிந்தினால் சவம். பேனா எழுதாவிட்டால் சவம். போனது போகட்டும், மறந்துவிடு என்பதற்கு ‘சவத்த விடு’ என்போம். நானும் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அன்றைக்குப் படியில் நின்றபோதுதான் அது காதில் விழுந்தது. அக்காவிடம் அவள் கொழுந்தன் கேட்பது வேறு எதை?

அமாவாசைக்குச் சில நாள் இருக்கும்போது, சரி, எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவர் திரும்புகிற பக்கத்தை எழுதுகிறேன். அதை அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டுக் கொழுந்தனிடம் எதைச் சொல்ல நினைக்கிறாளோ அதைச் சொல்லட்டும். மத்தியானம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினேன். ‘அவர் மெதுவாகத் திரும்புகிறார்.’ அடுத்த வரிக்கு எனக்கு முகம் வேண்டும்.

“சொல்லுக்கா. முகம் எப்படி இருக்கும்?”

“நல்லாத்தான் இருக்கும்,” என்று சிரித்தாள். வெட்கம்கூட இருந்தது அதில். “நல்ல நெறம் இல்ல. மாநெறம்.”

“மூக்கு?”

“மூக்கு...” என்று தன் மூக்கைத் தொட்டாள். “மூக்கு வந்து...”

நான் காத்திருந்தேன். கர்சர் அந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு ஒருதரம் அடித்தது. அக்காவின் கை மூக்கிலிருந்து கன்னத்துக்கு வந்தது, அங்கிருந்து தாடைக்கு வந்தது. தன் முகத்திலேயே தேடுகிற மாதிரி தேடினாள்.

“மீச வச்சிருந்தாவளாக்கா?”

“இரு தம்பி. இரு.”

கண்ணை மூடினாள். திறந்தாள். அவள் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

“சைக்கிள்ல போவாவ. நான் வாசல்ல நிப்பேன். அந்த முதுகு அப்படியே தெரியுது தம்பி. காது, அந்தத் தழும்பு, சட்டையில ஒட்டுன வாழக்கற, எல்லாம் தெரியுது.” குரல் இறங்கிக்கொண்டே போனது. “மொகம் வர மாட்டேங்கு.”

“கல்யாணப் படம் இருக்கும்லாக்கா?”

“படத்துல உள்ளது தெரியும். அது படம்லா.”

பிறகு அவளே கையை நீட்டி, பின்னால் அழிக்கிற விசையை அமுக்கினாள். ‘திரும்புகிறார்’ போனது. ‘மெதுவாக’ போனது. ‘அவர்’ போனது. எழுந்து, கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டு வந்தாள். கொழுந்தனிடம் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் வரை பாக்கியிருந்த தாள்களை ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தாள்.

காரியத்தைச் சீவலப்பேரியில், ஆறு கூடுகிற இடத்தில் வைத்தார்கள். நான் போகவில்லை. அவர்கள் போனது கண்டக்டர் அண்ணாச்சியின் பஸ்ஸில். மறுநாள் வந்து சொன்னார்.

“அந்தக் கொழுந்தன்காரன் டிக்கெட் கேட்டான்வே. கிழிச்சுக் குடுத்துட்டு ஆள எண்ணுதேன், ஒரு ஆளு கொறையுது. அய்யா, ஒரு டிக்கெட் கூட வாங்கிட்டிய, குடுங்க மாத்தித் தாரேன்னேன். அவன் முழிக்கான். அவனும் எண்ணித்தான் கேட்டிருக்கான். நம்ம டைப்பு அடிக்குத பிள்ளதான், ‘இருக்கட்டும் அண்ணாச்சி’ன்னுட்டா.” டிக்கெட் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். “நானும் திருப்பி வாங்கல.”

வாசல் பக்கத்தை அவர் சொன்னபடியே மாற்றினேன். அந்தப் பெண் எதுவும் கேட்க மாட்டாள். ‘வாசல் திறந்திருக்கிறது’ என்று ஒரு வரி மட்டும். வாசல் என்ற சொல்லைத் தொட்டால் வெளியே வந்துவிடலாம். பாய்தான் முதலில் வெளியே வந்தார். பஸ்ஸில் ஏறுகிற பக்கம் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார், நிஜமாகவே ஊர் போய்ச் சேர்ந்த மாதிரி.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது ஆவணி பிறந்திருந்தது. வெறுமையாக இருந்த நெற்றியையும் கழுத்தையும் பார்க்கப் பழகுவதற்கு எனக்குத்தான் நாளானது. அவள் சாதாரணமாகவே இருந்தாள். விளையாட்டைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அவளே என் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். நான் கீழே போகாமல் பிரிண்டர் பக்கம் நின்றுகொண்டேன். பின்கட்டுக்குப் போனாள். ‘கூப்பிடு’ இருந்தது. அதைத் தொடவில்லை. அந்தப் பக்கத்தை மேலும் கீழுமாக இரண்டுதரம் படித்தாள். பிறகு வாசல் வழியாக வெளியே வந்து, பஸ் ஏறி, கடைசிப் பக்கத்தையும் படித்து மூடினாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லாருக்கு.”

நான் படியைப் பார்த்தேன். அவள் படிக்குப் போகவில்லை. தூக்குச்சட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

“எம்புட்டு நேரமா அங்கன உக்காந்திருக்காவ. வாரவுகள்ல ஒருத்தராவது ஒரு காப்பி கொண்டுபோயி குடுக்குத மாதிரி வச்சிருக்கலாம்லா?”

உடனே உட்கார்ந்தேன். பின்கட்டில் ‘காபி கொடு’ என்று ஒரு லிங்க் வைத்தேன். தொட்டால் என்ன வர வேண்டும் என்று அவளிடமே கேட்டேன்.

“டம்ளர அவிய பக்கத்துல வச்சிட்டு வந்துரணும். திருப்பிப் போயிப் பாத்தா காலியா இருக்கணும்.”

“அவரு திரும்பி எடுத்துக் குடிக்கிற மாதிரியா?”

“அதெல்லாம் எழுதாத. காலியா இருக்கணும். அம்புட்டுத்தான்.”

அப்படியே எழுதினேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். ‘காபி கொடு’ என்பதில் அவள் கண் நின்றது. தப்பு அகப்பட்டால் வழக்கமாகக் கொட்டுகிற ‘ச்சு’ ஒன்றைக் கொட்டினாள்.

“சீனி போடாமன்னு போடு தம்பி. அவியளுக்குச் சீனி ஆகாது.”